பார்த்து நறுக்கு

தமிழ்ச் சமையலறையில் கத்தியைக் கையில் எடுக்கும் எவருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை ஒரே சொல்லால் ஆனது: 'பார்த்து'. இலக்கணப்படி அது ஒரு வினையெச்சம். 'பார்த்து நறுக்கு' என்னும் தொடரின் முன்பாதி. பின்பாதியைச் சொல்லாமல் விட்டாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். படியில் இறங்குபவருக்கும், சாலையைக் கடப்பவருக்கும், கொதிக்கும் பாலை இறக்குபவருக்கும் இதே எச்சம் போதுமானதாக இருக்கிறது. இந்தியின் 'தேக் கே' அமைப்பிலும் பொருளிலும் இதன் இரட்டை. தெலுங்கின் 'ஜாக்ரத்த', தமிழில் வழங்கும் 'ஜாக்கிரதை' ஆகிய இரண்டும் விழித்திருத்தலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தவை. வங்காளியின் 'ஷாப்தானே' கவனத்தைக் கோருகிறது. மராத்தியின் 'ஜபூன்' சற்றே விலகி, பேணிக் காக்கச் சொல்கிறது. இவை எல்லாமே கண்ணிடமும் மனத்திடமும் பேசும் சொற்கள். விரலை எங்கே வைக்க வேண்டும், எப்படி மடக்க வேண்டும் என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை.

ஐதராபாதில் ஒரு வாடகை வீட்டில் மூன்று ஆய்வு மாணவியர் தங்கியிருந்தார்கள். ஒருத்தி கும்பகோணத்தை அடுத்த கிராமத்துக்காரி. மொழியியலில் ஆய்வு செய்பவள். இன்னொருத்தி வங்காளத்தின் நதியா மாவட்டத்தைச் சேர்ந்தவள். மூன்றாமவள் சாத்தாராவிலிருந்து வந்தவள். காலையில் ஒரு மணி நேரம் வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போகும் தெலுங்குப் பெண்மணியை மூவரும் 'அக்கா' என்று அழைத்தார்கள். தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான அந்தச் சொல்லை மற்ற இருவரும் வந்த வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. அன்று மூவரும் முறை வைத்துத் தத்தம் ஊர்ச் சமையலைச் செய்வது வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நல்ல வாழைப்பூ கிடைத்தது. வாழைப்பூ மூவருக்கும் சொந்தமான பொருள். தமிழ்ப் பெண்ணுக்கு அது பருப்புசிலி. வங்காளிக்கு 'மோச்சார் கொண்ட்டோ'. மராத்திக்காரிக்குக் 'கேள்ஃபூலாச்சி பாஜி'. அன்றைய முறை தமிழ்ப் பெண்ணுடையது. அவள் அதற்கு முன் வாழைப்பூவை ஆய்ந்தவள் அல்லள். ஊரில் இருந்தவரை, "படிக்கிற பொண்ணு, கையை வெட்டிக்கப்போறே, நகரு" என்று அவளை அரிவாள்மணைப் பக்கமே அண்டவிடாமல் அம்மா பார்த்துக்கொண்டார். ஆகவே கைபேசியில் அம்மாவை அழைத்தாள்.

அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். மடலை நீக்கு. பூவிலிருந்து கள்ளனையும் கண்ணாடி போன்ற செதிலையும் எடுத்துவிடு. நறுக்க நறுக்க மோர் கலந்த நீரில் போடு, கறுக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால், "ரெண்டு கையிலயும் நல்லா எண்ணெய் தடவிக்கோடி. இல்லைன்னா கறை பிடிச்சிக்கும், ஒரு வாரத்துக்குப் போகாது." கடைசியாக, "பார்த்து நறுக்கு."

அவள் அப்படியே செய்தாள். இரண்டு கைகளிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டாள். பூக்களை ஆய்ந்து, கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பலகையில் வைத்து, கத்தியை எடுத்தாள். மூன்றாவது கட்டை நறுக்கும்போது கத்தியின் பிடி உள்ளங்கைக்குள் சுழன்றது. அலகு சாய்ந்து, இடக்கை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அலகு சாய்வதையும் பார்த்தாள், விரல் திறப்பதையும் பார்த்தாள்.

வங்காளிப் பெண் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மராத்திக்காரி அவளைத் தடுத்துக் குழாயைத் திறந்துவிட்டாள். ஓடும் நீரில் காயத்தைக் கழுவி, துவைத்த துணியை மடித்து வைத்து, கையை மார்புக்கு மேலே உயர்த்தி, 10 நிமிடம் திறந்து பார்க்காமல் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பள்ளியில் முதலுதவி வகுப்பில் கற்றது அவளுக்கு நினைவிருந்தது. குருதி நின்றதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. உறையத் தொடங்கிய குருதி ஒவ்வொரு முறையும் பிய்ந்துபோகும். பத்து நிமிடம் கழித்தும் துணி நனைந்துகொண்டே இருந்ததால் மூவரும் ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனார்கள்.

மருத்துவர் காயத்தைத் தைக்கும் முன் இரண்டு சோதனைகள் செய்தார். விரலின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்கிக் காட்டச் சொன்னார். பிறகு அவளைக் கண்ணை மூடச் செய்து, பஞ்சால் விரல்நுனியின் இரு பக்கங்களிலும் தொட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டார். விரலை மடக்கும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை என்று அவர் விளக்கினார். அந்தத் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. கயிறு போன்ற தசைநாண்கள் மட்டுமே விரலுக்குள் ஓடுகின்றன. விரலின் இரு பக்கங்களிலும் நரம்பும் குருதிக்குழாயும் தோலுக்கு மிக அருகில் செல்கின்றன. பார்ப்பதற்குச் சிறிதாகத் தெரியும் வெட்டுகூட இவற்றில் ஒன்றைத் துண்டித்திருக்கலாம். விரல் மடங்காவிட்டாலோ ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தாலோ காத்திருக்கக் கூடாது என்பதன் காரணம் அதுவே. அவளுக்குத் தசைநாண் தப்பியிருந்தது. நுனியின் ஒரு பக்கம் மட்டும் மரத்திருந்தது; உணர்ச்சி மெல்லத் திரும்பும், மாதங்கள் ஆகலாம் என்றார். 4 தையல்கள், ஒரு டெட்டனஸ் ஊசி, விரலை நிமிர்த்தி வைக்கும் ஒரு கட்டு.

மாலையில் காணொளி அழைப்பில் அம்மா அந்தக் கட்டைப் பார்த்துவிட்டார்.

"என்னடி கையில?"

"ஒண்ணுமில்லம்மா. கத்தி பட்டுடுச்சு."

"பார்த்து நறுக்குன்னு சொன்னேனா இல்லையா? எங்கே பராக்குப் பார்த்துக்கிட்டிருந்தே?"

மொழியியல் மாணவிக்கு அந்த உரையாடலே ஒரு தரவாக மனத்தில் தங்கியது. தமிழில் இந்த நிகழ்ச்சியைச் சொல்ல இரண்டு வழிகள் உள்ளன. 'விரலை வெட்டிக்கொண்டாள்' என்பது ஒன்று. 'விரல் வெட்டுப்பட்டது' என்பது மற்றொன்று. 'கொள்' என்னும் துணைவினை, செயலைச் செய்தவரும் அதன் விளைவைச் சுமப்பவரும் ஒருவரே என்று காட்டும். 'படு' என்னும் துணைவினையோ செய்தவரைப் பற்றி வாய் திறக்காது. காயம்பட்டவர் பெரும்பாலும் 'படு'வைத் தேர்ந்தெடுக்கிறார்; பார்த்தவர் 'கொள்'ளைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டிலுமே கத்தி எப்படி வந்து விரலில் இறங்கியது என்ற செய்தி இல்லை. ஒன்று குற்றம் சாட்டுகிறது, மற்றொன்று நழுவுகிறது.

அடுத்த சில வாரங்கள் அவளுக்கு வேறொரு பாடமாக அமைந்தன. களஆய்வில் பதிவு செய்த பேச்சுகளை அவள் தமிழ் 99 விசைப்பலகையில் எழுத்துப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட அந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம் அமைந்துள்ளன. எ, ஏ, ஐ ஆகிய மூன்றும் இடக்கை ஆள்காட்டி விரலின் பங்கு. 'என்ன', 'ஏன்', 'எங்கே' என்று பேச்சில் வந்த ஒவ்வொரு வினாவிலும் கட்டுப்போட்ட விரல் தடுமாறியது. ஒரு மணி நேரப் பதிவை எழுத்துப்படுத்த வழக்கத்தைவிட இருமடங்கு நேரம் பிடித்தது. விரலின் அருமை அவளுக்கு ஓர் எழுத்துப் பட்டியலாகத் தெரியவந்தது.

திங்கட்கிழமைக் காலையில் வந்த அக்கா கட்டைப் பார்த்ததும் கேட்ட கேள்வி வேறாக இருந்தது. "எப்படிப் பிடித்திருந்தாய்?" என்றார். அதுவரை மருத்துவரைத் தவிர எல்லோரும் ஏன் கவனிக்கவில்லை என்றுதான் கேட்டிருந்தார்கள். அவள் ஒரு கரண்டியைக் கத்தியாக வைத்து நடித்துக் காட்டினாள். கையில் எண்ணெய் தடவியிருந்ததையும் சொன்னாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எண்ணெய்க் கையில் கத்தியா? யார் சொன்னது?"

அம்மா சொன்னது என்றதும் அக்கா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "உங்கள் அம்மா எதில் நறுக்குவார்?"

அரிவாள்மணையில். அக்காவின் ஊர்ப்பேச்சில் அது 'கத்திபீட்ட'. பேச்சைக் கேட்டு வந்த மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். வங்காளத்தில் அது 'பொண்ட்டி'. மராத்தியில் 'விளி', வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்த தமிழ்ப் பெண்ணுக்கு அந்தப் பெயர் வேடிக்கையாக இருந்தது. கன்னடத்தில் 'ஈளிகெ மணெ' என்று அவளே சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டியோ அம்மாவோ வாழைப்பூவுக்கு முன் இரண்டு கைகளிலும் எண்ணெய் தடவிக்கொண்டதை மூவரும் நினைவுகூர்ந்தார்கள். வங்காளத்துப் பாட்டியுடையது கடுகெண்ணெய் என்பது மட்டுமே வேறுபாடு. அந்த எண்ணெய்க் கைகளால் யாரும் விரலை அறுத்துக்கொண்டதாக யாருக்கும் நினைவில்லை.

காரணம் அந்தக் கருவியின் அமைப்பில் இருக்கிறது. அரிவாள்மணைக்குக் கையால் பற்றும் பிடி கிடையாது. அலகு மணையில் நிலையாக நிற்கிறது. மணையைக் காலோ உடல் எடையோ அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு கைகளும் காயைப் பிடித்து அலகை நோக்கித் தள்ளுகின்றன. நகர்வது காய், நிற்பது அலகு. கையில் எவ்வளவு எண்ணெய் இருந்தாலும் அலகு சுழலப்போவதில்லை. கத்தியில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. காய் நிற்கிறது, அலகு நகர்கிறது. அலகின் திசையை உறுதி செய்வது வலக்கையின் பிடி மட்டுமே. அந்தப் பிடியில் எண்ணெய் பட்டால் அலகைக் கட்டுப்படுத்த வேறு எதுவும் இல்லை. காயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடக்கைதான் அதன் வழியில் இருக்கிறது. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடக்கையின் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் அடிக்கடி வெட்டுப்படுவது இதனால்தான்.

பெயர்களிலேயே இந்தச் செய்தி பதிந்திருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். தமிழில் 'மணை', கன்னடத்தில் 'மணெ', தெலுங்கில் 'பீட்ட': மூன்றும் உட்காரும் பலகையைக் குறிப்பவை. மூன்று மொழிகளிலும் கருவியின் பெயரில் பாதி அலகுக்கு, பாதி பலகைக்கு. விரலைக் காத்தது அந்தப் பின்பாதி. சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறியபோது, மணையைத் தரையில் விட்டுவிட்டு அலகு மட்டும் மேடைக்கு வந்தது. எண்ணெய் தடவும் அறிவுரை, தான் எந்தக் கருவிக்காகப் பிறந்தது என்பதைச் சொல்லாமல், பழைய மதிப்போடு கூடவே ஏறிவந்துவிட்டது.

அக்கா அன்று பத்து நிமிடம் கூடுதலாக இருந்து வேலையைக் காட்டிக்கொடுத்தார். திருமணச் சமையல் குழு ஒன்றில் சில ஆண்டுகள் வெங்காயம் நறுக்கியவர் அவர். ஒரே மூச்சில் மூட்டை மூட்டையாக நறுக்கும் இடத்தில் கற்ற பழக்கம் அது. முதலில் பலகை. அதன் அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டு, தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. அடுத்து, உருண்டை எதையும் உருண்டையாக வைத்து நறுக்கக் கூடாது. வெங்காயமோ உருளைக்கிழங்கோ முதல் வெட்டில் இரண்டாக்கி, வெட்டிய தட்டைப் பக்கத்தைப் பலகைமேல் கவிழ்த்துவிட வேண்டும். பிறகு வலக்கை. பிடியின் கடைசியில் பிடிக்காமல், அலகும் பிடியும் சேரும் இடத்தில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலின் பக்கத்தாலும் அலகையே கிள்ளிப் பிடித்தார். மற்ற மூன்று விரல்கள் பிடியைச் சுற்றிக்கொண்டன. கத்தி அப்போது சுழல முடியாது.

முக்கியமானது இடக்கை. காயின்மேல் விரல்நுனிகளை உள்ளே மடக்கி வைத்தார். நகங்கள் ஏறத்தாழ நிமிர்ந்து நின்றன. கட்டைவிரல் மற்ற விரல்களுக்குப் பின்னால் ஒதுங்கியது. நடுவிரலின் கணு எல்லாவற்றுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அலகின் தட்டைப் பக்கம் அந்தக் கணுவைத் தொட்டபடியே ஏறி இறங்கியது. கணுவின் உயரத்துக்கு மேலே கூர்முனை ஒருபோதும் எழவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கணு ஓர் இழை பின்னால் நகர, அலகு அதைத் தொடர்ந்தது. அக்கா சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே அரை வெங்காயத்தை நறுக்கி முடித்தார். கத்தி கணுவைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை விரல் எங்கே இருக்கிறது என்று கண் தேட வேண்டியதில்லை என்றார். பழக்கம் வரும்வரை மற்றவர்கள் சன்னலைப் பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்தப் பிடிக்கு அக்காவிடம் பெயர் இல்லை. தமிழிலும் நிலைத்த பெயர் இல்லை. சப்பானில் சிறுவர்களுக்குச் சமையல் கற்றுத்தரும்போது இதைப் 'பூனைக் கை' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பெயர் இருப்பதால் ஆறு வயதுக் குழந்தைக்கும் ஒரே சொல்லில் நினைவூட்டிவிட முடிகிறது. இதைப் படித்து அறிந்த பிறகு வீட்டில் அந்தப் பெயரையே தமிழாக்கி வைத்துக்கொண்டார்கள். யாராவது விரலை நீட்டினால் மற்றவர்கள் 'பூனை' என்று குரல் கொடுப்பார்கள்.

தமிழில் வெட்டுதல் சார்ந்த வினைகளுக்குப் பஞ்சமில்லை. கீரையை ஆய்கிறோம், காம்பைக் கிள்ளுகிறோம், வெங்காயத்தை உரிக்கிறோம், மிளகாயைக் கீறுகிறோம், கத்திரிக்காயை வகிர்கிறோம், மாங்காயைச் சீவுகிறோம், இறைச்சியைக் கொத்துகிறோம், தேங்காயைத் துருவுகிறோம், புடலங்காயை அரிகிறோம், வெண்டைக்காயை நறுக்குகிறோம். ஒவ்வொரு வினையும் காய்க்கு என்ன நேர வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்கிறது. காயைப் பிடித்திருக்கும் கைக்கென்று ஒரு வினைகூட இல்லை. அரிவாள்மணை இருந்தவரை அந்த வினை தேவைப்படவில்லை என்று அவள் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தாள்.

அக்கா தன் பையில் ஒரு சிறு கத்தியைத் துணியில் சுற்றி எப்போதும் வைத்திருப்பார். அவர் வேலை செய்யும் நான்கு வீடுகளிலும் உள்ள கத்திகள் மழுங்கியவை. மழுங்கிய கத்தி ஆபத்தற்றது என்பது அந்த வீட்டாரின் எண்ணம். மழுங்கிய அலகு தக்காளித் தோலில் இறங்காமல் வழுக்குகிறது. இறக்குவதற்குக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. வழுக்கும்போது அந்த விசை முழுவதும் விரலில் போய் முடிகிறது. அதனால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகிடாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் தன் கத்தியைத் தீட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் அந்தக் கத்தியைத் தொட்டியில் போடாமல் உடனே கழுவித் துடைத்துச் சுற்றிவிடுவார். நுரைக்கு அடியில் கிடக்கும் கத்தி கண்ணுக்குத் தெரியாது. அரிவாள்மணையை வேலை முடிந்ததும் படுக்க வைப்பதும், பொண்ட்டியைச் சாய்த்து வைப்பதும் இதே காரணத்துக்காக எழுந்த வழக்கங்கள். கத்தி கைதவறி விழுந்தால் பிடிக்கப் போகாமல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விழவிட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அக்கா இவ்வளவு கறாராக இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஆதார் பதிவில் பத்து விரல்களின் ரேகையும் இரு கண்களின் கருவிழிப் படமும் எடுக்கப்படுகின்றன. ரேஷன் கடையின் கருவியில் அக்காவின் விரலை வைத்தால்தான் வீட்டுக்கு அரிசி. பாத்திரம் தேய்த்தும் காய் நறுக்கியும் அவருடைய ரேகைகள் ஏற்கெனவே மங்கியிருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டின் மழுங்கிய கத்தி கட்டைவிரல் நுனியைச் சீவிவிட்டது. அந்த மாதம் கருவி அவரை ஏற்கவில்லை. விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தும் பயனில்லை. இரண்டு முறை திரும்பிப் போய், மூன்றாம் முறை வேறொரு விரல் பொருந்திய பிறகே அரிசி கிடைத்தது. அலைந்த நாள்களுக்கு வேலை செய்த வீடுகளில் கூலி இல்லை. மாணவிக்கு மூன்று எழுத்துகளாக இருந்த விரல் அக்காவுக்கு ஒரு மாதத்து அரிசியாக இருந்தது.

தையல் பிரித்த பிறகு ஒரு கேள்வி மட்டும் அவளிடம் எஞ்சியது. எண்ணெய்தான் காரணம் என்பதை அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அம்மா உடைந்துபோவார் என்று தோன்றியது. பாசத்தோடு சொன்ன ஒரு குறிப்பு மகளின் விரலில் 4 தையல்களாக முடிந்தது என்பதை எந்தத் தாயாலும் எளிதில் கேட்க முடியாது. பராக்குப் பார்த்தாள் என்ற பழியை ஏற்றுக்கொள்வதே மேல் என்று அவள் முடிவு செய்தாள். காணொளியில் அம்மா கேட்கும்போதெல்லாம், "கவனிக்கலம்மா" என்றாள்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனாள். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருந்தது. தரையில் உட்கார முடியவில்லை. அரிவாள்மணை பரண்மேல் ஏறியிருந்தது. மேடைமேல் புதுக்கத்தி ஒன்றும் பிளாஸ்டிக் பலகை ஒன்றும் இருந்தன. கொல்லையில் வெட்டிய வாழைப்பூவை அம்மா மகளுக்காகவே எடுத்து வைத்திருந்தார். பூக்களை ஆய்ந்து முடித்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தில் விரல்களை நனைத்து, இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை பூசிக்கொண்டு, கத்தியை எடுத்தார்.

"அம்மா, வை கீழே!"

குரலின் வேகத்தில் அம்மா திடுக்கிட்டுக் கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டார். அதற்குமேல் மறைக்க வழியில்லை. பிடி சுழன்றதையும், அலகு சாய்ந்ததையும், அக்கா கேட்டதையும் மகள் சொன்னாள். அரிவாள்மணையில் எண்ணெய் கெடுதல் செய்யாது, கத்தியில் செய்யும் என்பதையும் சொன்னாள். அம்மா எண்ணெய் வழியும் தன் வலக்கையைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார்.

"அப்ப, நான் சொன்னதாலதானா?"

"நீ சொன்னது சரிதாம்மா. அருவாமணைக்குச் சரி."

"இத்தனை நாளா ஏன்டி சொல்லலை? உன்னைப் போட்டுத் திட்டிக்கிட்டே இருந்தேனே."

மகளிடம் அதற்கு விடை இல்லை. அம்மா சோப்புப் போட்டு வலக்கையைக் கழுவினார், துண்டால் துடைத்தார், மறுபடியும் கழுவினார். இடக்கையில் மட்டும் எண்ணெய் இருந்தது. மகள் பலகைக்கு அடியில் ஈரத்துணியைப் போட்டாள். அம்மாவின் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கி, கட்டைவிரலைப் பின்னால் தள்ளி வைத்தாள். அந்தக் கட்டைவிரலின் உட்புறத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஏழெட்டு இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். மேடைக்கு மாறிய பின், காயைக் கையில் பிடித்தபடியே கத்தியைக் கட்டைவிரலை நோக்கி இழுத்து நறுக்கியதில் விழுந்த கீறல்கள் அவை. அவற்றைப் பற்றி அம்மாவும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

முதல் கட்டை நறுக்கி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. விரல்கள் மறந்து மறந்து நீண்டன. இரண்டாவது கட்டில் கணு நின்றது.

விடுமுறை முடிந்து ஐதராபாத் திரும்பிய சில வாரங்களில், புனேயில் புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கும் சித்தி மகள் அவளை அழைத்தாள். பெரியம்மாவிடம் வாழைப்பூ நறுக்கும் முறை கேட்டதாகவும், பெரியம்மா வழக்கத்துக்கு மாறாக ஒரு கேள்வி கேட்டதாகவும் சொன்னாள். "கத்தியா, அருவாமணையா?" என்பதுதான் அந்தக் கேள்வி. கத்தி என்றதும் பெரியம்மா சொன்னாராம்: "கத்தின்னா இடது கைக்கு மட்டும் எண்ணெய். வலது கை காய்ஞ்சிருக்கணும். விரலைப் பூனை மாதிரி மடக்கிக்கோ." 'பார்த்து' என்று சொன்னாரா என்று இவள் கேட்டாள். சித்தி மகள் சற்று யோசித்துவிட்டு, அதையும் கடைசியில் சொன்னார் என்றாள்.